ஒரு கிலோகூட இல்லாமல் பிறக்கும் குழந்தையை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

"பிள்ளை பிறந்தாச்சு!"

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு தகவல் வந்தால் முதல் கேள்வி, ஆணா பெண்ணா? அடுத்த கேள்வி, "எத்தனை கிலோ?"

3 கிலோ என்றால் கைதட்டல் இமோஜி வரிசையாக வரும். இரண்டரை என்றால் "பரவால்ல, பால் குடிச்சா தேறிடும்" என்று ஒரு சின்னம்மா ஆறுதல் சொல்வார். 600 கிராம் என்றால்? குழு அமைதியாகிவிடும். வாழ்த்துவதா, வருத்தப்படுவதா என்று யாருக்கும் தெரியாது.

2020ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி, சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 212 கிராம். நீளம் 24 சென்டிமீட்டர். தாயின் வயிற்றில் 25 வாரம்கூட முழுதாக இருக்கவில்லை. ஒரு டின் குளிர்பானத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்தக் குழந்தை அதைவிட லேசு.

பிழைக்குமா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே இருந்தது. ஆனால் 13 மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு, 2021 ஜூலை 9ஆம் தேதி, 6.3 கிலோ எடையுடன் அது வீட்டுக்குப் போனது. பிறக்கும்போது அவ்வளவு குறைந்த எடையில் இருந்து பிழைத்த குழந்தை உலகில் வேறு எதுவும் இல்லை என்று அப்போது செய்திகள் வந்தன. அதற்கு முன்பு அந்தச் சாதனை 2018இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 245 கிராம் எடையில் பிறந்த ஒரு குழந்தையிடம் இருந்தது.

அந்த 13 மாதத்தில் என்னதான் நடந்திருக்கும்? 'அற்புதம்' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் உள்ளே நடப்பது வேறு. ஒவ்வொரு சொட்டையும் அளந்து அளந்து கொடுக்கும் வேலை அது. கொஞ்சம் கூடினாலும் கெடுதல், கொஞ்சம் குறைந்தாலும் கெடுதல்.

எவ்வளவு குறைந்தால் 'மிக மிகக் குறைவு'?

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைந்த எடை. 1,500க்குக் கீழே மிகக் குறைந்த எடை. 1,000க்குக் கீழே போனால் மிக மிகக் குறைந்த எடை. உலகம் முழுக்க மருத்துவர்கள் இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கடைசிப் பிரிவில் வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் 28 வாரத்துக்கு முன்பே பிறந்தவர்கள். முழுக் கர்ப்பம் 40 வாரம். அப்படியென்றால், இன்னும் 3 மாதம் உள்ளே வளர வேண்டியவர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

சிலருக்கு இன்னொரு பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். நச்சுக்கொடி வழியாகப் போதிய ரத்தம் போகாததால், இருக்கவேண்டிய எடைகூட இருக்காது. 212 கிராம் குழந்தையின் கதை அதுதான். தாய்க்குப் பிரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் நோய். உடனே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுக்காவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து. குழந்தை சுமார் 400 கிராம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். தராசில் வந்தது அதில் பாதி.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020இல் மட்டும் சுமார் 13.4 மில்லியன் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. பிறக்கும் 10 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று. அவர்களில் 28 வாரத்துக்கு முன் பிறப்பவர்கள் சிறு பகுதிதான். ஆனால் அவர்களுக்குத்தான் அதிக ஆபத்து.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். "ஏழு மாசத்துல பிறந்தா பிழைக்கும், எட்டு மாசத்துல பிறந்தா பிழைக்காது" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம்மவர்கள் மட்டுமில்லை, பழங்கால கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே கருத்து இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். எட்டாம் மாதக் குழந்தைக்கு ஏழாம் மாதக் குழந்தையைவிட நல்ல வாய்ப்பு.

பிறப்பதற்கு முன்பே தொடங்கும் சிகிச்சை

குறைமாதப் பிரசவம் வரப்போகிறது என்று தெரிந்தவுடன் மருத்துவர் முதலில் ஊசி போடுவது தாய்க்கு. அது ஸ்டீராய்டு மருந்து. நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், நுரையீரலைச் சீக்கிரம் முதிர வைக்கும்.

இதன் பின்னணி ஓர் ஆட்டுக்குட்டி. 1960களின் கடைசியில் நியூசிலந்தின் ஆக்லந்து நகரில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மருத்துவர், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று செம்மறியாடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட ஒரு குட்டி மிகவும் முன்னதாகவே பிறந்தது. அந்த வயதில் செத்துத்தான் பிறந்திருக்க வேண்டும். ஆனால் உயிரோடு இருந்தது. நுரையீரலில் காற்றும் போயிருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறு!

அவரும் ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து, 1972இல் முடிவை வெளியிட்டார்கள். பலன் தெளிவாகவே இருந்தது. ஆனாலும் உலகெங்கும் இது வழக்கமான சிகிச்சையாக மாற இன்னும் 20 ஆண்டுக்கு மேல் ஆனது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் கோக்ரேன் அமைப்பின் சின்னத்தை எங்காவது பார்த்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வட்டத்துக்குள் இருக்கும் அந்தக் கோடுகள் இந்த ஸ்டீராய்டு ஆய்வுகளின் முடிவுகள்தான். முடிவு கையில் இருந்தும் பயன்படுத்தாமல் விட்ட ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் போயிருக்கும் என்பதை நினைவுபடுத்தும் சின்னம் அது.

பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு மெக்னீசியம் சல்ஃபேட்டும் கொடுப்பார்கள். அது குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பு. குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாயை முன்கூட்டியே மாற்றுவதும் இந்தக் கட்டத்தில்தான். பிறந்த பிறகு குழந்தையை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, தாயின் வயிற்றில் வைத்தே கொண்டுபோவது எவ்வளவோ பாதுகாப்பு.

பிளாஸ்டிக் பை எதற்கு?

பிறந்தவுடன் குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, அம்மாவிடம் கொடுப்பார்கள். அதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். 600 கிராம் குழந்தையைத் துடைக்கவே மாட்டார்கள். ஈரத்தோடு அப்படியே கழுத்துவரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பைக்குள் வைப்பார்கள். தலைக்குத் தொப்பி.

முதல்முறை கேட்டபோது எனக்கும் விநோதமாகத்தான் இருந்தது. காரணம் எளிது. இந்தக் குழந்தைகளின் தோல் மிக மெல்லியது. உள்ளே ரத்தக்குழாய்கள் தெரியும். தோலுக்கு அடியில் கொழுப்பே கிடையாது. உடம்பிலுள்ள நீர் தோல் வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், கூடவே உடற்சூடும் போகும். பிரசவ அறையில் ஏர்கான் குளிர் நமக்குச் சுகம். அந்தக் குழந்தைக்கு அது உயிருக்கு ஆபத்து. அதனால் அறையின் வெப்பநிலையையும் முன்கூட்டியே கூட்டி வைப்பார்கள். உடல் வெப்பம் 36.5க்கும் 37.5 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும். ஒரு டிகிரி இறங்கினாலும் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பிறகு இன்குபேட்டர். முதல் சில நாள்களுக்கு உள்ளே ஈரப்பதம் 80 விழுக்காடு அளவில் இருக்கும். நம் ஊர் மழைக்காலப் புழுக்கத்தை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்த மாதிரி.

தொப்புள்கொடியையும் உடனே வெட்டுவதில்லை. முடிந்தால் ஒரு நிமிடமாவது பொறுத்திருப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நச்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போகும் ரத்தம், பிறகு போதுமா போதாதா என்ற கணக்கில் பெரிய வித்தியாசம் செய்யும்.

மூச்சு

நுரையீரலின் உள்ளே காற்று நிரம்பும் பைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மூச்சை வெளியே விடும்போது அவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உட்புறத்தில் வழுவழுப்பான ஒரு பொருள் பூசப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் சர்ஃபாக்டன்ட். புது பலூனை ஊதும்போது முதல் ஊதல்தான் கஷ்டம், தெரியும் இல்லையா? சர்ஃபாக்டன்ட் இல்லாத குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் அந்த முதல் ஊதல்.

24 வாரத்தில்தான் நுரையீரல் அதைச் சுரக்கத் தொடங்குகிறது. போதிய அளவு சேர 35 வாரம் போல ஆகும். குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இதுதான் காரணம் என்று 1959இல் அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி கண்டுபிடித்தார். ஆனால் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் மகன் பேட்ரிக் பிறந்தான். 34 வாரம், 2 கிலோவுக்கு மேல் எடை. இன்றைய கணக்கில் பெரிய பிள்ளை! 39 மணி நேரத்தில் இறந்துபோனான். உலகின் ஆகப் பலம் வாய்ந்த மனிதரின் குழந்தைக்கும் அன்று கொடுக்க ஒன்றும் இல்லை.

1980இல் ஜப்பானிய மருத்துவர் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி, அது வேலை செய்கிறது என்று காட்டினார். இப்போது பயன்படும் மருந்துகளும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் நுரையீரலிலிருந்துதான் வருகின்றன. பல சமயத்தவர் வாழும் நம் ஊரில் சில பெற்றோருக்கு இது சங்கடமாக இருக்கலாம். மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் நேரம் மணிக்கணக்கில் கிடையாது. 600 கிராம் குழந்தைக்குத் தேவைப்படுவது சுமார் ஒன்றரை மில்லிலிட்டர்.

அப்படியென்றால் உடனே சுவாசக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்துவிடலாமே? முன்பு அப்படித்தான் செய்தார்கள். பிரச்சினை என்னவென்றால், இயந்திரம் தள்ளும் காற்றே அந்த மெல்லிய நுரையீரலைக் காயப்படுத்திவிடும். காயம் ஆறும்போது தழும்பு. விளைவு, மாதக்கணக்கில் ஆக்சிஜனை நம்பியிருக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். 212 கிராம் குழந்தையும் அந்த நோயோடுதான் வீட்டுக்குப் போனது. சுவாச உதவிக் கருவியும் கூடவே போனது. அதை எப்படி இயக்குவது என்று பெற்றோர் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் இப்போது முடிந்தவரை மூக்கு வழியாக மிதமான அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கிறார்கள். சிபாப் என்று சொல்வார்கள். குழந்தை தானாக மூச்சு விடும், கருவி கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ளும். வென்டிலேட்டர் தேவைப்பட்டாலும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம் என்றே பார்ப்பார்கள்.

இன்னொரு விஷயம் கோப்பிப் பிரியர்களுக்குப் பிடிக்கும். இந்தக் குழந்தைகள் சில நேரம் மூச்சுவிட மறந்துவிடும்! மூளையில் அந்தப் பகுதி இன்னும் முதிரவில்லை. 20 விநாடி ஆனதும் கருவி அலறும், தாதி ஓடிவந்து பாதத்தை மெல்லத் தடவுவார், மூச்சு திரும்ப வரும். இதற்குத் தினமும் கொடுக்கும் மருந்து காஃபின். நம் கோப்பியில் இருக்கும் அதே காஃபின்தான். 2006இலும் 2007இலும் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு முடிவுகள் இன்னும் நல்ல செய்தி சொல்லின. காஃபின் கொடுத்த குழந்தைகளுக்கு நுரையீரல் நோயும் குறைவு, மூளைவாதமும் குறைவு.

ஆக்சிஜன் கற்றுக்கொடுத்த பாடம்

குழந்தை நீலமாக இருந்தால் ஆக்சிஜன் கொடு. இதைவிட நியாயமான காரியம் என்ன இருக்க முடியும்?

1940களில் அப்படித்தான் தாராளமாகக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு புதுவகைப் பார்வையின்மை பரவத் தொடங்கியது. அதுவும் வசதியான, நவீன மருத்துவமனைகளில்தான் அதிகம். 1950களின் நடுப்பகுதிக்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தன. பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். அவர் 1950இல் குறைமாதத்தில் பிறந்தவர். காரணம் ஆக்சிஜன்தான் என்று பிறகு தெரிந்தது. அளவுக்கு மீறிய ஆக்சிஜன், விழித்திரையில் முழுதாக வளராத ரத்தக்குழாய்களைக் கெடுத்துவிடுகிறது.

சரி, குறைத்தார்கள். குருட்டுத்தன்மை குறைந்தது. ஆனால் இறப்பு கூடியது. தடுக்கப்பட்ட ஒவ்வொரு பார்வையிழப்புக்கும் சுமார் 16 குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று 1973இல் ஒரு மதிப்பீடு வெளியானது. படிக்கவே மனம் கனக்கிறது. கொடுத்தவர்களும் கெட்டவர்கள் இல்லை, குறைத்தவர்களும் கெட்டவர்கள் இல்லை.

பல ஆண்டு கழித்து, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் ஒரு நடுக்கோடு கிடைத்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு சுமார் 90லிருந்து 95 விழுக்காட்டுக்குள். 100ஐத் தொட்டால் நமக்குச் சந்தோஷம். அங்கே தாதி உடனே ஆக்சிஜனைக் குறைப்பார். திரையில் ஏன் 'ஃபுல் மார்க்' வரவில்லை என்று பெற்றோர் பதறுவது இதனால்தான் தேவையில்லை.

கண் மருத்துவரும் சில வாரங்களுக்குப் பிறகு வந்து விழித்திரையைத் தொடர்ந்து சோதிப்பார். சிக்கல் தெரிந்தால் லேசர் சிகிச்சை அல்லது கண்ணுக்குள் ஊசி. சரியான நேரத்தில் செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம்.

அரை மில்லி பால்

600 கிராம் குழந்தையின் உடம்பில் மொத்தமாக இருக்கும் ரத்தம் ஏறக்குறைய 50 மில்லிலிட்டர். பரிசோதனைக்கு 1 மில்லி எடுத்தால், அது பெரியவர் ஒருவரிடம் சுமார் 100 மில்லி எடுப்பதற்குச் சமம். 212 கிராம் குழந்தைக்கு மொத்த ரத்தமே நாலு தேக்கரண்டிக்கு மேல் இருந்திருக்காது. அதனால் "எல்லாத்தையும் ஒருதடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமே" என்று சொல்ல முடியாது. எந்தப் பரிசோதனை இன்று வேண்டாம் என்று முடிவு செய்வதும் சிகிச்சைதான். மருந்தின் அளவைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம்வரை கணக்கிட்டு, இருவர் சரிபார்ப்பார்கள். ஆகச் சிறிய டயப்பரைக்கூட வெட்டித்தான் கட்ட வேண்டியிருந்தது.

முதல் 3 நாள் மூளைக்கு மிக முக்கியம். மூளையின் உள்ளே மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைந்து கசிவது பெரும்பாலும் அந்த 72 மணி நேரத்துக்குள்தான். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ ஆபத்து. எனவே தொடுவதைக் குறைப்பார்கள். விளக்கை மங்கலாக்குவார்கள். டயப்பர் மாற்றுவது, வெப்பம் பார்ப்பது, குழாயைச் சரிசெய்வது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிட்டு, கையை எடுத்துவிடுவார்கள்.

சத்து முதலில் ரத்தக்குழாய் வழியாகப் போகும். ஆனால் குடலைச் சும்மா விடக்கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மில்லி பால், மூக்கு அல்லது வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில். சில சொட்டுகள்தான்! அதுதான் குடலை வேலைக்குப் பழக்குகிறது.

எந்தப் பால்? தாய்ப்பால். இங்கே அது உணவு என்பதைத் தாண்டி மருந்து. குறைமாதக் குழந்தைகளின் குடல் திடீரென்று வீங்கி அழுகும் ஒரு கொடிய நோய் உண்டு. நல்ல பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையைக்கூட ஒரே நாளில் கொண்டுபோய்விடக்கூடியது. மாவுப்பாலைவிடத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. தாய்க்குப் பால் போதவில்லை என்றால் தானப் பால். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 2017இல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. தானமாக வரும் பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கிக் கொடுப்பார்கள்.

பெற்றோர் சும்மா நிற்க வேண்டுமா?

என் அக்காவுக்கு 27 வாரத்தில் பிரசவம் ஆனது. மகன் 870 கிராம். முதல் வாரம் முழுக்க அக்காவும் மாமாவும் இன்குபேட்டருக்கு வெளியே நின்று, கருவித் திரையில் ஓடும் எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என் பிள்ளைக்கு நான் மட்டும்தான் ஒண்ணும் செய்யல" என்று அக்கா ஒருநாள் சொன்னார். 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கறந்து, சின்னப் பாட்டிலில் பெயரும் நேரமும் எழுதி ஒட்டிக்கொண்டே அதைச் சொன்னார். அந்த வார்டில் அதைவிட நல்ல மருந்து வேறு எதுவும் இல்லை என்று அப்போது எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது வாரம், தாதி குழாய்களோடு சேர்த்து அவனைத் தூக்கி, சட்டைக்குள் அக்காவின் நெஞ்சோடு வைத்தார். கங்காரு பராமரிப்பு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிவைத்த முறை இது. ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடு என்று நினைத்த உலகம், பிறகு கற்றுக்கொண்டது வேறு. இந்தியா, கானா உட்பட 5 நாடுகளில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடையே பிறந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்த உடனேயே தோலோடு தோல் வைத்துப் பராமரித்தபோது, முதல் மாத இறப்பு கால் பங்கு குறைந்தது. அதைவிடச் சிறிய குழந்தைகளுக்கு எப்போது தொடங்கலாம் என்பதை வார்டில் இருப்பவர்கள் நிலைமையைப் பார்த்து முடிவு செய்வார்கள். அப்பாக்களும் செய்யலாம். மாமா செய்தார், அவனோடு சேர்ந்து அவரும் தூங்கிவிட்டார்.

ஒரு விஷயத்தை உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும். சேனை வைக்கிறேன் என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தடவ ஆசைப்படாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வேண்டாம். ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தைக்கும் தேன் கூடாது.

எல்லாக் குழந்தையும் பிழைக்குமா?

இல்லை. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

22, 23 வாரத்தில் பிறக்கும் குழந்தைகள் விஷயத்தில் உலகம் ஒரே கருத்தில் இல்லை. ஜப்பானில் 22 வாரத்திலிருந்தே தீவிர சிகிச்சை கொடுக்கிறார்கள். வேறு பல நாடுகளில் பெற்றோரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். எல்லாம் செய்வதா, வலியில்லாமல் அம்மா அப்பா கையில் இருக்கவிடுவதா என்ற கேள்வி அது. எந்தப் பதிலைச் சொன்ன பெற்றோரையும் வெளியில் இருந்து பார்க்கும் நாம் எடைபோடக்கூடாது.

பிழைத்தவர்களிலும் சிலருக்கு மூளைவாதம், செவித்திறன் குறைவு, படிப்பில் சிரமம் வரலாம். பலருக்குப் பெரிதாக எதுவும் இருக்காது. முதல் வாரத்தில் அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் பல ஆண்டு தொடர் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள்.

விடுப்பும் பணமும்

24 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஒரு கணக்கு. சிங்கப்பூரில் தாய்க்குச் சம்பளத்தோடு கூடிய மகப்பேற்று விடுப்பு 16 வாரம். 24ஐயும் 16ஐயும் கூட்டினால் 40. அதாவது, விடுப்பு முடியும் நாளும் குழந்தை உண்மையில் பிறந்திருக்க வேண்டிய நாளும் ஒன்று. பிள்ளை பெரும்பாலும் அப்போதுதான் வீட்டுக்கு வரும். பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 2025 ஏப்ரலில் 6 வாரமாக அறிமுகமானது, 2026 ஏப்ரலில் இருந்து 10 வாரம். அது கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் 13 மாதம் மருத்துவமனையில் இருந்த குழந்தைக்கு எந்தக் கணக்கு போதும்?

சிங்கப்பூர்க் குடிமக்களாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி பிறந்த நாள் முதலே உண்டு. மெடிசேவிலிருந்தும் எடுக்கலாம். மீதியைக் கட்ட முடியாதவர்களுக்கு மெடிஃபண்ட். வார்டிலேயே மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார். பில் வரும்வரை காத்திருக்காமல் முதல் வாரமே அவரைப் பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

212 கிராம் குழந்தையின் பெற்றோர் மலேசியர்கள். பிரசவத்தை மலேசியாவில் வைத்துக்கொள்ளத் திட்டமிட்டிருந்தவர்கள். சிகிச்சைச் செலவுக்காக இணையம் வழி நன்கொடை திரட்டினார்கள். முகம் தெரியாத மக்கள் கொடுத்த தொகை 3 லட்சத்து 60 ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது.

வீட்டுக்கு வந்த பிறகு

"எத்தனை மாசம்?" என்று யாராவது கேட்டால் அக்கா, "எந்தக் கணக்குல?" என்று திருப்பிக் கேட்பார். பிறந்த தேதியிலிருந்து ஒரு வயது, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து இன்னொரு வயது. இரண்டாவதைத் 'திருத்தப்பட்ட வயது' என்பார்கள். 3 மாதம் முன்னால் பிறந்த குழந்தை 9 மாதத்தில் உட்காரத் தொடங்கினால் அது தாமதமில்லை. திருத்தப்பட்ட வயதுப்படி அதற்கு 6 மாதம்தான். 2 வயதுவரை இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துவார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு, "இன்னும் நடக்கலையா?" என்று கேட்பவர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்குங்கள்.

தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. சின்னப் பிள்ளைதானே, கொஞ்சம் பொறுத்துப் போடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரே மாற்றிச் சொன்னால் தவிர.

பார்க்க வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நுரையீரல் இன்னும் தேறிக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சாதாரணச் சளிகூட மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்பும் காரணமாகிவிடலாம். வரும் முன் ஒரு போன் போடுங்கள். உள்ளே வந்ததும் கை கழுவுங்கள். லேசான இருமல் இருந்தாலும், வீட்டு வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு, அடுத்த வாரம் வாருங்கள். சாப்பாடு கட்டாயம் வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காத இருவர் உள்ளே இருக்கிறார்கள்.